கூடுதலாய் ஓர் எழுத்து

"காலையிலருந்து 'பெர்மிஷன் டினைடு'ன்னே வருது. அதப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கே. இதுக்கா சம்பளம் வாங்குறே?"

கம்பம் டவுன் ஸ்கேன் சென்டரில் விஜயகுமார் கத்தினான். டெக்னீஷியன் உமாதேவி தலையைத் தூக்கவில்லை.

அவன் அண்ணன் வீரணனுக்குக் காலையில் வயிற்றில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அந்தப் படத்தை மதுரை டாக்டரின் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பாக அனுப்ப ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன புரோகிராம் உண்டு. அவர் பார்த்துச் சொன்னால்தான் என்ன வியாதி என்று தெரியும். ஸ்கிரிப்ட்டோ ஓட மறுத்தது.

"விடு தம்பி. அந்தப் புள்ளயத் திட்டாத. மெதுவா வரட்டும்." வெளியே பெஞ்சில் சுருண்டு கிடந்த வீரணன் குரல் கொடுத்தார்.

"நீங்க பேசாம இருங்கண்ணே. ஞாயித்துக்கெழம நான் புது வேலைக்கு சிங்கப்பூருக்குக் கெளம்பணும். அதுக்குள்ள ஒங்களுக்கு என்னன்னு தெரிய வேணாமா? எந்திரிம்மா, நான் பாக்குறேன். மெட்ராஸ்ல எனக்கு இதான் வேல."

"சரிபண்ண மதுரையிலருந்து ஆள் வருவாக சார்..."

"எந்திரின்னேன்ல!"

நெட் இருந்தது. மதுரை சர்வர் பதில் சொன்னது. யூசர் பேரும் சரி. கடைசியில் கண்டுபிடித்தான். அடையாளத்துக்காக ஸ்கிரிப்ட் தேடுகிற கீ ஃபைலின் பெயரில் ஓர் எழுத்து கூடியிருந்தது. அழித்தான். மறுபடி ஓட்டினான்.

படம் போய்விட்டது.

"ஒரே ஒரு எழுத்து! இதக்கூடப் பாக்கத் தெரியல."

உமாதேவி போய் அறைக் கதவை உள்பக்கமாகச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் மதுரை டாக்டரே போனில் வந்தார். விஜயகுமார்தான் எடுத்தான்.

"கேன்சர் கல்லீரல் பூரா பரவிருச்சுப்பா. ஆபரேஷன் பண்ற கட்டமெல்லாம் தாண்டியாச்சு. வெளியூர்ல சொந்தக்காரங்க இருந்தா வந்து பாத்துக்கச் சொல்லுங்க."

விஜயகுமார் போனை வைத்துவிட்டு உமாதேவி பக்கம் திரும்பினான்.

"படத்தப் பாத்தப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். என் மொகத்தப் பாத்து ஒங்க அண்ணனுக்கும் தெரிஞ்சுபோச்சு. ஃபைல் பேர மாத்துனது நான்தான்."

"ஏன்?"

"'தெரிஞ்சா எனக்காக வேலய விட்டுருவான். அவன் பிளேன் ஏறுற வரைக்கும் எப்படியாச்சும் நிப்பாட்டி வையி ஆத்தா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாக சார்."

கதவைத் திறந்தான். வீரணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கண்ணில் பயம் தெரிந்தது.

"படம் போயிருச்சா தம்பி?"

விஜயகுமார் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"இல்லண்ணே. எனக்கும் இந்த வேல தெரியல."