சட்டைப்பையில் ஒரு வெங்காயம்

ஜெய்சல்மேரில் மே மாச மத்தியானம் கரண்ட் போனால் எப்பேர்ப்பட்ட வீரனும் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். லலித் அரைமணி நேரம் தாக்குப்பிடித்தான்.

"கிளம்பு சரிதா, திவான் மாளிகைக்குப் போவோம். கல் சுவர், ஜில்லுனு இருக்கும்."

"பிறந்த ஊர்ல இத்தனை வருஷமா எட்டிப் பார்க்காத மாளிகையா?"

"இன்னிக்குத்தான் அது மேல பாசம் வந்திருக்கு."

பெங்களூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தார்கள். வீட்டில் ஒரே ஏசி, அதுவும் அப்பாவின் அறையில். "ஏசி எனக்கு ஒத்துக்கலப்பா, மூட்டு வலிக்குது" என்று முதல் நாளே அறையைக் கொடுத்துவிட்டார். அனல்காற்று தாக்காமலிருக்கச் சட்டைப்பையில் ஒரு வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு, தினமும் சாப்பாடானதும் சீட்டாடக் கிளம்பிவிடுவார்.

"இந்த வெயில்ல சீட்டாட்டம் கேக்குது பாரு" என்று லலித் முணுமுணுப்பான்.

மாளிகையின் நிலவறைக்குள் நுழைந்ததும் உயிர் வந்தது. ஆனால் உட்கார இடமில்லை. கல் மேடை முழுக்க ஆறேழு பெரியவர்கள், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு நல்ல தூக்கம்.

லலித் காவலாளி ஜேத்தாராமைக் கூப்பிட்டான்.

"டிக்கெட் வாங்கின நாங்க நிக்கிறோம், இவங்க ஓசியில குறட்டை விடறாங்க. இது மாளிகையா, தர்மசத்திரமா?"

"தகரக் கூரை வீட்டுக்காரங்க சாப். வெயில் தாழ்ந்ததும் போயிடுவாங்க."

லலித் போனை உயர்த்திப் பிடித்தான். "போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினா உன் வேலை போயிடும், தெரியுமில்ல?"

ஜேத்தாராமின் முகம் செத்துவிட்டது. "எழுப்பிடறேன் சாப்."

"மூலையில சலவைச் சட்டையோட படுத்திருக்காரே, அவருக்குமா தகரக் கூரை? அவரை முதல்ல எழுப்பு."

"அவரை மட்டும் விட்டுடுங்க சாப். வீட்டில ஏசி இருக்கு. மகன் லீவுக்கு வந்திருக்கானாம், அவனுக்குக் குடுத்துட்டார். இன்னும் மூணே நாள், யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டார்."

லலித் போனைத் தாழ்த்தினான். பேச்சுச் சத்தத்தில் மூலையிலிருந்தவர் புரண்டார். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெங்காயம் உருண்டு, லலித்தின் காலடியில் வந்து நின்றது.

துண்டை விலக்கிப் பார்த்த அப்பா பதறி எழுந்தார்.

"கரண்ட் போயிடுச்சாப்பா? பாவம், மருமக எவ்வளவு நேரமா நிக்கிறாளோ. இந்த மூலைதான் நல்ல குளிர்ச்சி, நீங்க உட்காருங்க. நான் சும்மா வெளியில போய் நிக்கிறேன்."