இடப்பக்கச் சீட்டு

"இந்தச் சீட்டை ஆரு இவ்வளவு பின்னுக்குத் தள்ளின?"

கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி கேட்டான் றிப்ஷான். அவன் காட்டியது சாரதி இருக்கையை அல்ல, அதற்கு இடப்பக்கத்து இருக்கையை.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அஸீமாவின் கை ஒரு கணம் நின்றது. "எனக்கென்ன தெரியும்? புள்ளைகள் விளையாடியிருக்கும்."

"கண்ணாடியத் திருப்பினதும் புள்ளைகளா? நான் வெச்ச மாதிரி இல்லையே!"

"நீங்க ஒரு ஆள்! கண்ணாடியெண்டா அசையாதா?"

றிப்ஷானுக்குத் திருப்தியில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு கத்தாருக்குப் போய், அங்கேயே ட்ரெய்லர் ஓட்டப் பழகியவன். இப்போது லீவில் காத்தான்குடிக்கு வந்திருக்கிறான். அடுத்த மாதம் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் அஸீமாவின் தலையில்தான். அவளுக்காகத்தான் இந்தக் காரையே வாங்கினான். அவள் கார் பழகுவதற்கான எல் பெர்மிட் எடுத்தாள். முன்னும் பின்னும் எல் போர்ட் மாட்டி, பின்னேரங்களில் பக்கத்தில் இருந்து பழக்கினான்.

எல்லாம் போன கிழமை வரைதான். இப்போது கூப்பிட்டால் அவளுக்குத் தலையிடி வந்துவிடுகிறது. ஆனால் அவன் வெளியே போய் வந்தால் காரின் பொனட் சுடுகிறது.

"கேளு அஸீமா. எல் போர்ட்டோட தனிய ஓடிப் பிடிபட்டா பொலிஸ் வழக்குப் போடும். கோட்டுல போய் நிக்கணும். ஆரையும் தட்டினா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான். லைசன் எடுக்கிற ட்ரையலும் அதோட போச்சு. பக்கத்துல லைசன் உள்ள ஆள் ஒண்டு இரிக்கணும். விளங்கினா?"

"விளங்குது."

அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மாமி ஸைனம்பு வெளியே வருவதைக் கண்டு மென்று விழுங்கினாள்.

"என்னகா சத்தம்?" என்றாள் ஸைனம்பு. "என்ட மகன் கத்தாரே புகழுற டிரைவர். அவன் சொல்றதக் கேட்டு நட மகள்."

அஸீமா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். றிப்ஷான் பின்னாலேயே போய்க் குரலைத் தாழ்த்தினான். "எனக்குத் தெரியாம இந்தக் கார் படலையத் தாண்டினா, வித்துப்போட்டுத்தான் பிளேன் ஏறுவன். சொல்லிப்போட்டன்."

சொல்லாதது ஒன்றும் இருந்தது. தனியாக ஓடுகிறவள் பக்கத்து இருக்கையை ஏன் தள்ள வேண்டும்? அதில் யாரோ ஒருவன் இருந்திருக்கிறான். கால் நீண்டவன், நெட்டையன். அவள் மேல் உயிரையே வைத்திருந்தான் பாவி மனிசன், அதனால்தான் இந்தப் பாடு.

அடுத்த நாள், பஸ்ஸில் ஓட்டமாவடிக்குப் போய்வருவதாகச் சொல்லிப் புறப்பட்டான். போனது கூட்டாளி இஷாம் வீடு வரைதான். இஷாமின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு மெயின் ரோட்டு முனையில் ஒரு பெட்டிக்கடையோடு ஒட்டி நின்றான்.

சொல்லி வைத்தாற்போல் கார் வந்தது. ஸ்டியரிங்கில் அஸீமா. இடப்பக்கம் தொப்பி போட்ட ஒரு தலை, காரின் கூரையை முட்டிக்கொண்டிருந்தது.

'அட அல்லாஹ்! உண்மைதானா?'

மோட்டார் சைக்கிளை முறுக்கினான். கார் ஆரையம்பதியைத் தாண்டி, வாவிப் பக்கம் திரும்பி, மண்முனைப் பாலத்தை நெருங்கியது. அங்கே பொலிஸ் கையைக் காட்ட, கார் ஓரமாக நின்றது.

றிப்ஷான் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான்.

"சேர்! கார் என்ட. இவ என்ட மனிசி. எல் பெர்மிட்தான். எனக்குத் தெரியாம எடுத்துக்கொண்டு வந்திருக்கா. பக்கத்துல இரிக்கிற ஆளை முதல்ல இறக்குங்க!"

கதவு திறந்தது. நீண்ட கால்கள் இரண்டு இறங்கின. தொப்பியைக் கழற்றியதும் கொண்டை தெரிந்தது.

"நான்தான் தம்பி, கேதீஸ்வரி. உங்கட மகள்ட நெட்போல் டீச்சர்."

றிப்ஷானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அஸீமாவின் கண் கலங்கியிருந்தது.

பொலிஸ் சார்ஜன் நல்லரத்தினம் இருவரும் நீட்டிய அட்டைகளைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "டீச்சர்ட லைசன் சரி. தங்கச்சிட பெர்மிட்டும் சரி. நீங்க போகலாம்."

வெட்கம் றிப்ஷானுக்குக் கோபமாக மாறியது. "கட்டின புருசன் நான், டிரைவர், குத்துக்கல்லாட்டம் இரிக்கக்குள்ள டீச்சர் எதுக்குகா? என்னோட பழகினா குறைஞ்சிருவியா?"

"ஊட்ட போய்ப் பேசுவம் மச்சான், வாங்க," என்று கெஞ்சினாள் அஸீமா.

"கொஞ்சம் நில்லுங்க தம்பி," என்றார் சார்ஜன். "நீங்க மோட்டார் சைக்கிள்ல தானே வந்த? உங்கட லைசன்?"

றிப்ஷான் நெஞ்சை நிமிர்த்திப் பர்ஸைத் திறந்து அட்டையை நீட்டினான். சார்ஜன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கத்தார் லைசன் எலுவா?"

"ஓம் சேர். ட்ரெய்லரே ஓடுவன்!"

"அங்க ஓடுங்க. இலங்கை லைசன் எடுக்காம இது இங்க செல்லாது." சார்ஜன் பேனாவின் மூடியைக் கழற்றினார். "கோட்டுக்கு வரணும் தம்பி."

றிப்ஷான் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"உங்கட லைசன் இங்க செல்லாதெண்டு போன கிழமைதான் டீச்சர் சொன்னா. உம்மாக்கு முன்னால உங்களக் குறைச்சுச் சொல்ல எனக்கு மனம் வரல்ல மச்சான்," என்றாள் அஸீமா மெதுவாக. "சட்டப்படி நான் தனிய ஓடினது, நீங்க பக்கத்துல இருந்த நாளையிலதான்."