கண் கூசாத வெளிச்சம்

மொழிபெயர்ப்பாளர் செண்பகவல்லி பழைய கணினியை எடுத்துவிட்டு, வேறு இயங்குதளம் உள்ள புது லேப்டாப்பைப் பெரிய மானிட்டரோடு இணைத்தாள். அதில் படிக்கத் தொடங்கியதும் கண் கூசியதால், லேப்டாப்பில் வெளிச்சத்தைக் குறைக்கும் விசையை அழுத்திக்கொண்டே இருந்தாள். மானிட்டர் மங்கவில்லை. அவள் கண்ணில் நீர் வழிந்தது.

“எத்தனை தடவை சொல்றது? அவங்க கண்ணு கலங்குறது உனக்கு உறைக்கலையா?” என்று லேப்டாப் சீறியது.

“நீ திட்டறது கேட்குது. வெளிச்சத்தைக் குறைன்னு ஒரு தடவைகூட என்கிட்ட சொல்லலையேப்பா,” என்றது மானிட்டர்.

லேப்டாப் திடுக்கிட்டுப் பார்த்தது. விசையை அழுத்திய ஒவ்வொரு தடவையும் மங்கி, அதன் சொந்தத் திரைதான் இருண்டு கிடந்தது.

“பழைய கணினி உங்ககிட்ட எப்படிச் சொல்லும்?” என்று தணிந்த குரலில் கேட்டது.

மானிட்டர் சொல்லிக்கொடுத்தது. லேப்டாப் தட்டுத்தடுமாறி அதைச் சொன்னது. வெளிச்சம் மெல்ல இறங்கியது.

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.