அமைதி நகர், கடைசி மனை

"சத்தமா? இங்கயா? காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க சார், ஒரு ஈ காக்கா சத்தம் வருதா?" என்றான் ஹரீஷ்குமார்.

மனை பார்க்க வந்த திம்மராயன் தலையைச் சாய்த்துக் கேட்டார். உண்மைதான், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி லட்சுமியம்மாளின் முகம் வாடிப்போனது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஹரீஷ் தன் குடையை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினான்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய அமைதி நகரில் எல்லா மனைகளும் விற்றுத் தீர்ந்து, இந்த ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஓட்டமெடுத்திருந்தார்கள். மனைக்கு ஒரு பக்கம், பிள்ளைகள் பிதுங்கி வழியும் அரசுப் பள்ளி. வகுப்பறை போதாமல் வராந்தாவில் ஒரு வகுப்பு, தகரக் கொட்டகையில் ஒரு வகுப்பு, புங்கமரத்தடியில் ஒரு வகுப்பு. இன்னொரு பக்கம், கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா என்று எல்லா மொழியிலும் சண்டை நடக்கும். சமாதானமும் அப்படித்தான்.

"இந்த வாரத்துக்குள்ள இதையும் வித்துடு. இல்லைன்னா திங்கக்கிழமை ஆபீஸ் பக்கம் தலைகாட்டாத" என்று முதலாளி மோகன்குமார் சொல்லிவிட்டார். ஹரீஷுக்குப் போன மாதம்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது என்று பெண் வீட்டில் போய் யார் சொல்வது?

அதனால்தான் பள்ளி விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் இவர்களை அழைத்து வந்தான். லைன் வீட்டுப் பிள்ளைகளை மொத்தமாக அங்கே குடியிருக்கும் சென்னம்மாவின் வீட்டுக்குள் உட்கார வைத்து, டிவியில் கிரிக்கெட்டைப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு முறுக்கும் கொடுத்திருந்தான்.

"நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்து நான் தூங்கவா, உன் மனைக்குக் காவல் காக்கவா?" என்று சென்னம்மா அலுத்துக்கொண்டாள். "ஒரு மணி நேரம்க்கா, உன் கால்ல வேணா விழறேன்" என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தான்.

"வராந்தாவுல எதுக்குப்பா அத்தனை பெஞ்சு அடுக்கி வச்சிருக்காங்க? பசங்க ரொம்ப ஜாஸ்தியோ?" என்று திம்மராயன் பள்ளிக்கூடத்தைக் காட்டினார்.

ஹரீஷ் உஷாரானான். "பசங்களே இல்ல சார்! விரல் விட்டு எண்ணிடலாம். அதான் பெஞ்செல்லாம் மிச்சமாகி வெளிய கெடக்குது."

"அந்த லைன் வீடுங்க?"

"பாதி காலி. இருக்கறவங்களும் வாயில்லாப் பூச்சிங்க சார். ராத்திரி ஏழு மணிக்கெல்லாம் லைட்டை அணைச்சிருவாங்க. அப்புறம் பார்த்தீங்கன்னா, சுடுகாடு தோத்துடும்!"

சுடுகாடு கொஞ்சம் அதிகமோ என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். லட்சுமியம்மாள் கணவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, பின்பக்கம் வந்து பாருங்க. ஏரி! வருசம் பூரா தண்ணி வத்தாது. கரையெல்லாம் பலா மரம். அதைத் தாண்டி ராகிக் கொல்லை. பச்சைப் பசேல்னு இருக்கும்."

"பலா மரமா?" லட்சுமியம்மாள் ஓரடி பின்வாங்கினாள்.

"பழுத்துச்சுன்னா வாசனை இங்க வரைக்கும் தூக்கும்மா!"

"ஏங்க, வாங்க கெளம்பலாம்."

திம்மராயன் மொபெட்டைக் கிளப்பினார். "எடம் நல்லாத்தான் இருக்குது தம்பி. எங்களுக்குத்தான் ஒத்து வராது. தப்பா நெனச்சுக்காத."

ஹரீஷ் ஓடி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான். "சார், சார்! வேற என்ன வேணும்னு சொல்லுங்க சார்!"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

சென்னம்மாவின் வீட்டுக்குள்ளிருந்து 'ஓ'வென்று ஒரு கூச்சல். அடுத்த நொடி கதவு திறந்து, பிள்ளைகள் கொத்துக்கொத்தாக வெளியே கொட்டினார்கள். ஒருவன் இந்தியில் கத்தினான், ஒருத்தி தெலுங்கில் திட்டினாள், நாலு பேர் கன்னடத்தில் தீர்ப்புச் சொன்னார்கள். பந்து ஒன்று பறந்து வந்து ஹரீஷின் முதுகில் விழுந்தது. தூக்கம் கலைந்த நைட் ஷிப்டு ஆட்கள் பனியனோடு வெளியே வந்து, கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு ஆளுக்கொரு மொழியில் சண்டை பிடித்தார்கள்.

"ஹரீசு! இதுக்கு மேல என்னால ஆகாது! இனி நீயாச்சு, உன் மனையாச்சு!" என்று சென்னம்மா வாசலில் நின்று முழங்கினாள்.

ஹரீஷ் எல்லைக்கல் மீது பொத்தென்று உட்கார்ந்தான்.

"அத்தனையும் பொய் சார். ஸ்கூல்ல நிக்கக்கூட எடமில்ல. ஜூன் மாசம் இன்னும் ஒரு கூட்டம் வந்து சேருது. லைன் வீட்ல மூணு ஷிப்டுக்கும் ஆளுங்க வர்றதும் போறதுமா இருப்பாங்க. விடிய விடிய லைட்டு எரியும், விடிய விடிய பேச்சு. இங்க ஒருத்தன் நிம்மதியாத் தூங்க முடியாது. நீங்களாவது நல்ல எடமாப் பாருங்க, போங்க."

மொபெட் நின்றது. லட்சுமியம்மாள் இறங்கி அவனிடம் வேகமாக வந்தாள்.

"விடிய விடியவா? நெசமாவா சாமி?"

"எங்கம்மா மேல சத்தியமா."

"அப்ப நாளைக்கே ரிஜிஸ்டர் வச்சுக்கலாமா?" என்றார் பின்னாலேயே வந்த திம்மராயன்.

ஹரீஷ் எல்லைக்கல்லை விட்டுத் துள்ளி எழுந்தான்.

"எங்களுக்குச் சானமாவுக் காட்டோரம் வீடு தம்பி, நேத்து ராத்திரிகூடப் பலாப்பழ வாசனைக்கு யானை வந்து வாசக்கதவை ஒடிச்சுப் போட்டுட்டுப் போச்சு. ஆளும் லைட்டும் சத்தமுமா ஒரு எடம் கெடைக்காதான்னு நாங்க அலையறோம், நீ என்னடான்னா வந்ததுல இருந்து அமைதி அமைதின்னு சொல்லிப் பயமுறுத்தற!"