தொட்டி மண்

பிரசவக் கட்டிலில் ஏறவே மாட்டேன் என்றாள் மலையிலிருந்து வந்த நஞ்சி. வலி தொடங்கி ஒரு பகல் போய்விட்டது, பிள்ளை இறங்கவில்லை.

"கால் மண்ணுல படணும் சிஸ்டர். இல்லேன்னா பிள்ளைக்கு வழி தெரியாது."

"இங்க டைல்ஸ்தான் அம்மிணி. வழுக்கிட்டே வந்துரும்" என்று சிரித்த நர்ஸ் எஸ்தர், வயிற்றில் பிள்ளையின் துடிப்பு தளர்வதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினாள். டாக்டர் அறை வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடித் தொட்டியைத் தூக்கிவந்து நஞ்சியின் காலடியில் கவிழ்த்தாள்.

கட்டில் கம்பியைப் பிடித்தபடி நஞ்சி ஈர மண்ணில் பாதங்களை ஊன்றினாள். அறைக்குள் மழைவாசம் எழுந்தது. சுவர்கள் மெல்ல விலகி நின்றன.

"எந்தூரு மண்ணு சிஸ்டர்?"

"தெரியலையே அம்மிணி."

"பரவால்ல. வழி கேட்டுக் கேட்டு வந்துரும்."

எஸ்தர் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மண்ணில் மண்டியிட்டுக் கைகளை ஏந்தினாள். ஓரத்தில் வேரோடு கிடந்த குரோட்டன்ஸ், காற்றே இல்லாத அறையில் தலையாட்டியது.