குன்னூருக்குப் போகும் கார்

காரின் முன் சக்கரம் இரண்டும் கழற்றப்பட்டுச் சுவரோரம் கிடந்தன.

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் யூசுப் கை வைக்கவில்லை. மறுபடியும் கேட்டார்.

"டிரம் பிரேக்க எடுத்துட்டா இது ஒரிஜினல் வண்டி இல்லீங்க. தயாளன் தம்பி இருந்தா என்னைத் தொடவே விட்டிருக்க மாட்டாரு."

"தெரியும். மாத்துங்க."

தயாளன் பெரியவரின் ஒரே மகன். ஐம்பத்தொன்பதாம் வருடத்துக் காரில் ஒரு திருகுகூட மாறக்கூடாது என்பான். பழைய கார்களின் அணிவகுப்பில் அதற்காகவே கோப்பை வாங்கினான். டிஸ்க் பிரேக் போட்டால் என்ன என்று இவர் ஒருமுறை கேட்டதற்கு, இரண்டு நாள் பேசாமல் இருந்தான்.

மூளைக்காய்ச்சல். மூன்று வருடம் ஆகிறது.

மருமகள் வளர்மதிக்குப் போன வாரம்தான் மறுமணம். மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தவர் இவரே. சிவநேசன், குன்னூரில் பள்ளி ஆசிரியர்.

காரை வளர்மதிக்கே கொடுத்துவிட்டார்.

மலை இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறினால் பிடி தளர்ந்துவிடும். வண்டியில் பேத்தி இருப்பாள். அவளுக்கு ஐந்து வயது.

யூசுப் டிரம்மைக் கழற்றினார். தயாளன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கையாலேயே கறுப்பு அடித்தது. பெயின்ட் ஓரிடத்தில் வழிந்து காய்ந்திருந்தது.

அந்த இடத்தை விரலால் தடவிவிட்டு, அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் வண்டி தயாரானது. யூசுப்பைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாலத்து இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார்.

மிதித்தார்.

அந்த இடத்திலேயே நின்றது.

"கோவிச்சுக்காதடா தயாளா," என்றார்.

யூசுப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் புறப்பட்டார்கள். பேத்தி பின் சீட்டில் பொம்மைக்கு இடம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, ராத்திரி மாத்திரைய மறந்துறாதீங்க," என்றாள் வளர்மதி.

அவர் சிவநேசன் பக்கம் குனிந்தார். "இறக்கத்துல செகண்ட் கியர்லயே வாங்க தம்பி."

"சரிங்கப்பா."

அந்த வார்த்தையைக் கேட்டு மூன்று வருடமாகியிருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

கார் நகர்ந்தது. பேத்தி பின் கண்ணாடியில் கையை ஒட்டிவைத்துக்கொண்டு போனாள்.

தெருமுனையில் பிரேக் விளக்கு சிவந்தது.

கார் நின்றது.

எதையோ மறந்துவிட்டார்கள். அல்லது வளர்மதிதான் நிறுத்தச் சொல்லியிருப்பாள். செருப்புப் போடாமலே அவர் தெருவில் இறங்கி நடந்தார். பாதித் தூரம் வந்துவிட்டார்.

தண்ணீர் லாரி ஒன்று மெதுவாகக் குறுக்கே கடந்தது.

விளக்கு அணைந்தது. கார் திரும்பி மறைந்தது.

அவர் நடுத்தெருவில் நின்றார்.

"நல்லாத்தான் பிடிக்குது," என்று சொல்லிக்கொண்டார்.