ஒரு பர்லாங் தள்ளி

தனசேகரனுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

பின்னே என்ன? உட்லண்ட்ஸ் பக்கம் இரண்டு சின்னக் கடைத்தெருக்களைச் சேர்க்கிற ரோடு. மொத்தமே இரண்டு மைல். ஊர்க் கமிட்டிச் செயலாளராக மனு மேல் மனு எழுதி அதை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஒன்றேமுக்கால் மைல் மளமளவென்று முடிந்துவிட்டது. அவர் வீட்டுப் பக்கம் வந்ததும் எட்டு நாளாக இழுத்துக்கொண்டே கிடக்கிறது!

ரோட்டுக்கு ஊற்றும் தாரை வேலை நடக்கிற இடத்தில் காய்ச்ச வேண்டியதுதானே? மாட்டார்களாம். ஒரு பர்லாங் தள்ளி, ரப்பர் மரங்களுக்கு அப்பால் ட்ரம்மை வைத்துக் காய்ச்சி, வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறார்கள் அந்த மகானுபாவர்கள்.

ஆபீசுக்குக் கிளம்பும்போது, வேலையாட்களை நடத்தும் மண்டோர் லாசரஸைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, ட்ரம்மை இங்கேயே வச்சா என்ன? மண்டையில இருக்கிறது மூளையா, தாரா?"

"காத்து இந்தப் பக்கம் அடிக்குது சார்."

"ஓஹோ! சம்பளம் வாங்குற அன்னிக்கு எந்தப் பக்கம் அடிக்கும்?"

லாசரஸ் அவர் வீட்டு ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

திமிர்! உடம்பெல்லாம் திமிர்! அன்றைக்கே ஆபீஸ் டைப்ரைட்டரில் ரோடு இலாகாவுக்கு ஒரு புகார் தயாரானது. 'சோம்பேறி' என்று நாலு இடத்தில் அடித்தார்.

"பாவம் லா, பிள்ளைகுட்டிக்காரன். வேலை போயிடும்," என்றார் பக்கத்து மேஜை எட்மண்ட்.

"போகட்டுமே! இந்த ஜென்மங்களுக்கெல்லாம் இரக்கம் பார்த்தா ரோடு அடுத்த தீபாவளிக்குத்தான் வரும்."

மூன்றாம் நாள் லாசரஸுக்குச் சீட்டுக் கிழிந்தது. சேதுபதி என்று புது மண்டோர் வந்தான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்த தனசேகரன் கண்குளிரப் பார்த்தார். வீட்டுக் கேட்டுக்கு நேர் எதிரே ட்ரம். அடியில் திகுதிகுவென்று நெருப்பு. வேலை பறக்கிறது!

"இது வேலை! இதைத்தானே அந்தத் தடியன்கிட்ட முட்டிக்கிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்.

உள்ளே ஒரே கரும்புகை. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் தேம்பிக்கொண்டிருந்தாள். பதினாறு நாள் பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து வாங்கியது. மனைவி சிவகாமசுந்தரி அதைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட ஓடணுங்க! பொறந்ததுலேர்ந்தே இதுக்கு இளைப்பு, புகையே ஆகாதுன்னு அந்த லாசரஸ்கிட்ட நான்தான் சொல்லி வச்சிருந்தேன். கூலியாள்கிட்ட போய்க் கெஞ்சினியான்னு நீங்க குதிப்பீங்களேன்னுதான் உங்ககிட்ட மூச்சு விடாதீங்கன்னேன். இத்தனை நாளா தூக்கிச் சுமந்தாரே, எங்கேங்க அந்த மனுஷன்?"

தனசேகரன் வெளியே ஓடினார்.

"தம்பி, நெருப்பை அணைப்பா! ட்ரம்மைத் தள்ளி வைப்பா! பச்சைப் பிள்ளைக்கு மூச்சு முட்டுது!"

சேதுபதி கையைப் பிசைந்தான்.

"எனக்கும் மனசு கேக்கல சார். ஆனா ட்ரம்மைத் தள்ளி வச்சார்னு எவனோ ஒரு பாவி எழுதிப் போட்டுத்தான் முந்தின மண்டோருக்கு வேலை போச்சு. என்னைப் பத்தியும் அவன் எழுதமாட்டான்னு நீங்க உறுதி சொல்லுவீங்களா சார்?"